தருமபுரியிலிருந்து துணைவேந்தர் பொறுப்பு வரை: அரசியல் அறிவியல் மாணவருக்கு ஒரு வழித்தடம்

முதலில் வயதுக் கணக்கைப் போட்டுவிடுவோம். துணைவேந்தர் பதவிக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறை கேட்கும் அடிப்படைத் தகுதி, பல்கலைக்கழகப் பேராசிரியராக 10 ஆண்டு அனுபவம். அல்லது பெயர்பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்திலோ கல்வி நிர்வாக அமைப்பிலோ 10 ஆண்டு அனுபவம். இரண்டில் எதுவானாலும், கல்வித் தலைமையை ஏற்று நடத்தியதற்குச் சான்று வேண்டும். இந்த 10 ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

21 வயதில் பி.ஏ., 23இல் எம்.ஏ., 28இல் பிஎச்.டி., 29இல் உதவிப் பேராசிரியர் வேலை என்று வைத்துக்கொள்வோம். பதவி உயர்வுத் திட்டத்தில், அதாவது ‘கேஸ்’ என்று கல்லூரிகளில் சொல்வதில், பிஎச்.டி. உள்ள உதவிப் பேராசிரியர் ஊதிய நிலை 10இலிருந்து 11க்குப் போக 4 ஆண்டு, 12க்கு மேலும் 5, இணைப் பேராசிரியர் நிலையான 13ஏ-க்கு 3, பேராசிரியர் நிலையான 14க்கு இன்னொரு 3. எங்கும் தடங்கல் இல்லாவிட்டால் 44 வயதில் பேராசிரியர், 54இல் துணைவேந்தர் தகுதி. தமிழக அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு ஓய்வு வயது 60. கல்லூரி ஆசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் மூன்று ஆண்டு, பிஎச்.டி. இழுபறியில் மூன்று ஆண்டு போனால் கணக்கு அங்கேயே முட்டி நின்றுவிடும். நேரடி நியமனத்தில் போனால் நேரம் மிச்சமாகும்: 8 ஆண்டு பணி அனுபவத்தில் இணைப் பேராசிரியர், 10 ஆண்டில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதனால் விளம்பரங்களைக் கவனிக்கும் பழக்கம் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டியிலோ ஊத்தங்கரையிலோ பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. சொன்னால் பாதிப் பிழை நடக்காது.

பி.ஏ. எங்கே, எதில்?

அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் தமிழ்நாடு முழுவதும் ‘டிஎன்காசா’ என்ற ஒரே இணையதளம் வழியாகத்தான். அரசியல் அறிவியல் எல்லா அரசுக் கல்லூரியிலும் கிடையாது. பாடப்பிரிவுப் பட்டியலில் அந்த ஆண்டுக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே விருப்ப வரிசையை நிரப்ப வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருபவை. 1997இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தருமபுரி அருகே பைசுஅள்ளியில் முதுகலை விரிவாக்க மையமும் உண்டு. உள்ளூரில் பாடம் கிடைக்காவிட்டால் சென்னை மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி என்று வெளியே போகலாம். கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் போகலாம். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு சென்னையைவிட அருகில் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, கிடைத்த பாடத்தில் பி.ஏ. சேர்ந்து, “எம்.ஏ.வில் மாற்றிக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுவது. வரலாறு படித்துவிட்டு எம்.ஏ. அரசியல் அறிவியலில் சேரலாம், அதில் குற்றமில்லை. ஆனால் எம்.ஏ. பட்டத்தின் பெயர் மிக முக்கியம். பொது நிர்வாகம், சர்வதேச உறவுகள், மனித உரிமைகள் என்று பெயர் மாறிய பட்டங்களை ஆசிரியர் நியமனத்தில் அரசியல் அறிவியலுக்கு இணையாக ஏற்பதற்கு அரசாணை கேட்பார்கள். சேருவதற்கு முன்பே அந்த இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வேலை அறிவிப்பு வந்த பிறகு அலைவது வீண். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர்களுக்கு அரசுப் பணியில் சிக்கல் வரும். 10, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை உடையக் கூடாது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழ்வழிச் சான்றிதழை அந்தந்தப் பள்ளி, கல்லூரியிலேயே உடனுக்குடன் வாங்கி வையுங்கள். 20 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்கு முதல் வகுப்பிலிருந்தே சான்று கேட்பார்கள். பதினைந்து ஆண்டு கழித்துத் தொடக்கப்பள்ளிப் பதிவேட்டைத் தேடுவது பெரும்பாடு.

பி.ஏ. மூன்று ஆண்டில் புத்தகத்தைத் தாண்டிச் செய்ய ஒரு வேலை உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மூன்று ஆண்டில் 18 கூட்டம். உங்கள் ஊராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து யார் பேசினார்கள், யார் பேச எழுந்து உட்கார்ந்தார்கள், எந்தத் தீர்மானம் முன்பே எழுதி வந்தது, பெண் தலைவர் என்றால் கேள்விக்குப் பதில் சொன்னது யார் என்று தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். எம்.ஏ. நேர்காணலிலும் பிஎச்.டி. முன்மொழிவிலும் இந்த நோட்டு பேசும். களத்தில் இறங்காத அரசியல் அறிவியல் மாணவர் அரசமைப்புப் பிரிவுகளை ஒப்பிப்பவராகவே நின்றுவிடுகிறார்.

நெட்: எங்கே வழுக்குகிறது?

நெட் எழுத எம்.ஏ.வில் 55 விழுக்காடு வேண்டும், ஓபிசி கிரீமிலேயர் அல்லாதோர், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50. யுஜிசி நெட்டில் அரசியல் அறிவியலின் பாட எண் 02. முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடாமல் குறித்துவிட வேண்டும்.

தமிழ்வழி மாணவருக்குச் சிக்கல் பாடத்தில் இல்லை. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். ‘இறையாண்மை’ என்று நன்றாக அறிந்த கருத்தை ‘சாவரின்டி’ என்று படிக்கும்போது ஒரு கணம் தடுமாறினால், 150 கேள்விக்கு 180 நிமிடம் என்ற வேகத்தில் அது பத்துப் பதினைந்து கேள்வியை விழுங்கிவிடும். எம்.ஏ. முதல் ஆண்டிலிருந்தே தமிழ்ச்சொல் ஒருபுறம், ஆங்கிலச்சொல் மறுபுறம் என்று இரு பத்திக் குறிப்பேடு போடுங்கள். பாடத்திட்டம் 10 அலகு: அரசியல் கோட்பாடு, மேலைச் சிந்தனை, இந்தியச் சிந்தனை, ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள், இந்திய வெளியுறவுக் கொள்கை, இந்திய அரசியல் நிறுவனங்கள், இந்திய அரசியல் போக்குகள், பொது நிர்வாகம், ஆளுகையும் பொதுக் கொள்கையும். கடைசி இரண்டு அலகுகளை ‘எளிதுதானே’ என்று ஒதுக்குபவர்கள் அதிகம். அங்கேதான் சட்ட ஆண்டுகளும் குழுப் பெயர்களும் கேட்டு மதிப்பெண்ணைப் பறிக்கிறார்கள்.

இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு, அதாவது ஜேஆர்எஃப்புக்கு, வயது வரம்பு 30. பெண்கள், ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 5 ஆண்டு தளர்வு. கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பிஎச்.டி.யை முடிக்க வைப்பது பெரும்பாலும் இந்தத் தொகைதான். அது கிடைக்காதவர்கள் மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வை எழுதலாம், மாதம் 25,000. மாநிலத் தகுதித் தேர்வான செட் தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும். பெங்களூரிலோ புதுச்சேரியிலோ வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் நெட்டை விட்டுவிடாதீர்கள்.

பிஎச்.டி.: தலைப்பைத் தேடி ஊரைவிட்டு ஓடவேண்டாம்

யுஜிசியின் 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவில் 2 ஆண்டு நீட்டிக்கலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னொரு 2 ஆண்டு தளர்வு உண்டு. பேராசிரியர் ஒருவர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிகாட்ட முடியாது. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை பேரை முடித்து அனுப்பியிருக்கிறார், எத்தனை பேர் பாதியில் நிற்கிறார்கள், ஓய்வுபெற எத்தனை ஆண்டு என்ற மூன்றையும் விசாரியுங்கள். இரண்டு ஆண்டில் ஓய்வுபெறப் போகிறவரிடம் சேர்ந்தால் நடுவில் வழிகாட்டி மாற்றம், தலைப்புத் திருத்தம் என்று ஓர் ஆண்டு கரைந்துவிடும்.

தலைப்புக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டமும் பொன் விளையும் நிலம். 1792இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்த, பாராமகால் என்ற இந்தப் பகுதியில்தான் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நில அளவையும் வரி நிர்ணயமும் நடத்தினார்கள். உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவெடுத்தது இந்த மண்ணில். அச்சான பாராமகால் ஆவணங்களை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே சந்தையில் புழங்குகின்றன. மொழிச் சிறுபான்மையும் தேர்தலும் என்று ஆய்வைத் தொடங்க அதைவிட நல்ல இடம் எது? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நதிநீர்க் கூட்டாட்சி, ஃபுளோரைடு பாதிப்பு, ஜப்பானிய கடனுதவி மூன்றும் சந்திக்கின்றன. 1992 ஜூன் 20இல் வாச்சாத்திப் பழங்குடி மக்கள் மேல் வனத்துறையினரும் காவல்துறையினரும் நடத்திய கொடுமைக்கு 2011இல் தீர்ப்பு வந்தது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அரசுத் துறைகளின் பொறுப்புடைமையை ஆராய விரும்பும் ஒருவர் அரூர் வட்டத்தைத் தாண்டிப் போகத் தேவையில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஊரில் களப்பணி செய்பவர், பாதிக்கப்பட்டவர்களை மறுபடி மறுபடி அதே கதையைச் சொல்ல வைக்கக் கூடாது. முதலில் நீதிமன்ற ஆவணங்களை முழுக்கப் படித்துவிட்டுத்தான் ஊருக்குள் போக வேண்டும்.

அரசு அலுவலகத் தரவுக்குத் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள்: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். “ஊராட்சி நிதி விவரம் தருக” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், வந்து பார்த்துக்கொள்ளவும் என்று பதில் வரும். எந்த ஒன்றியம், எந்த நிதியாண்டு, எந்தக் கணக்குத் தலைப்பு என்று குறித்துக் கேட்டால் தாள் கைக்கு வரும்.

மேற்கோள் காட்டுவதில் சிறு அலட்சியமும் வேண்டாம். யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை தொடங்குகிறது. ஆய்வேடு ‘சோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிவிடும், யாரும் எப்போதும் எடுத்துப் பார்க்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக 2023 ஜூலையில் பொறுப்பேற்ற அரசியல் அறிவியலாளர் கிளாடின் கே, 2024 ஜனவரி 2இல் பதவி விலகினார். நாடாளுமன்றக் குழு முன் அளித்த பதில்களுக்கு எழுந்த எதிர்ப்பு ஒருபுறம், பழைய கட்டுரைகளிலும் ஆய்வேட்டிலும் மேற்கோள்கள் சரியாகக் காட்டப்படவில்லை என்ற குற்றச்சாட்டு மறுபுறம். ஆய்வேடு எழுதி கால் நூற்றாண்டு கழித்து இது நடந்தது. ஒவ்வொரு குறிப்பையும் எடுக்கும்போதே பக்க எண்ணோடு எழுதுவதுதான் இதற்கு மருந்து.

வேலையில் சேர்ந்த பிறகு

உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. இணைப் பேராசிரியருக்கு 1,31,400, பேராசிரியருக்கு 1,44,200. அரசுக் கல்லூரி நியமனம் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக. அறிவிப்புகள் அடிக்கடி வருவதில்லை, இடையில் பல ஆண்டு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் கௌரவ விரிவுரையாளராகப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நிரந்தர ஆசிரியருக்கு இணையான மொத்த ஊதியம் இல்லாத தற்காலிகப் பணி, பதவி உயர்வுக் கணக்கில் சேராது. பத்து ஆண்டு அப்படியே கழிந்தவர்களின் உழைப்பு காகிதத்தில் பூஜ்யமாக நிற்பது மனதை அறுக்கும் உண்மை. ஆகவே அங்கே இருந்துகொண்டே கட்டுரைகளை வெளியிட்டு, வெளி விளம்பரங்களுக்கு விண்ணப்பித்தபடி இருங்கள்.

நியமனத்தில் பார்க்கும் ஆய்வுப் புள்ளிக் கணக்கு இப்படி: தரமான ஆய்விதழில் வரும் சமூக அறிவியல் கட்டுரைக்கு 10 புள்ளி. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இரண்டு பேருக்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு 30. தேசியப் பதிப்பகத்தின் நூலுக்கு 10, பன்னாட்டுப் பதிப்பகத்தின் நூலுக்கு 12, தொகுப்பு நூலில் ஓர் இயலுக்கு 5, மொழிபெயர்த்த முழு நூலுக்கு 8, வழிகாட்டி முடித்த ஒவ்வொரு பிஎச்.டி.க்கும் 10. நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியருக்கு 7 கட்டுரையும் 75 புள்ளியும், பேராசிரியருக்கு 10 கட்டுரையும் 120 புள்ளியும் வேண்டும். பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடும் இதழ்களில் புள்ளி சேர்ப்பவர்கள் தேர்வுக் குழுவின் முன் மாட்டிக்கொள்கிறார்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் பட்டியலான யுஜிசி கேர் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால், இதழின் தரத்தை இப்போது நிறுவனமே மதிப்பிடுகிறது. இதழின் மதிப்பாய்வாளர் கடிதங்களை மின்னஞ்சலோடு சேர்த்து வையுங்கள்.

ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் பயிற்சிகளை ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய காலத்துக்குள் முடிக்காமல் பதவி உயர்வு தள்ளிப்போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வேலையில் இருந்துகொண்டே விடுப்பு எடுக்காமல் செய்த ஆராய்ச்சிக் காலம் அனுபவமாகச் சேரும், விடுப்பில் செய்தது சேராது.

இன்னொரு பெரிய பள்ளம்: கல்லூரி முதல்வராக எத்தனை ஆண்டு இருந்தாலும் அது தானாகவே ‘பல்கலைக்கழகப் பேராசிரியர் 10 ஆண்டு’ ஆகிவிடாது. துணைவேந்தர் இலக்கு உண்மையிலேயே இருந்தால், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே பல்கலைக்கழகத் துறை ஒன்றுக்கு நேரடி நியமனத்தில் மாறுவதுதான் பாதுகாப்பு. சமூகவியல், பொது நிர்வாகம் போன்ற துறைகளோடு அரசியல் அறிவியல் கலந்திருக்கும் இடங்களையும் பாருங்கள்.

நிர்வாக அனுபவத்தை யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். என்எஸ்எஸ் திட்ட அலுவலர், உள்தர உறுதிப் பிரிவு ஒருங்கிணைப்பாளர், பாடத்திட்டக் குழு, துறைத்தலைவர், புலத்தலைவர், தேர்வாணையர், பதிவாளர், ஆட்சிக்குழு உறுப்பினர் என்பது வழக்கமான ஏணி. இவற்றில் தேர்வுத்துறைப் பொறுப்பு கடினமானது, ஆனால் அதுபோல் பல்கலைக்கழகத்தைக் கற்றுத்தருவது வேறில்லை. விடைத்தாள் மையம், மதிப்பெண் பதிவேற்றம், மறுகூட்டல், பட்டச் சான்றிதழ் அச்சு என்று நான்கு மாவட்டக் கல்லூரிகளின் நாடித்துடிப்பும் அங்கே தெரியும். கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் குழு வருகைக்கான தன்மதிப்பீட்டு அறிக்கையை ஒருமுறையாவது முதலிலிருந்து கடைசிவரை நீங்களே எழுதுங்கள்.

அரசியல் அறிவியல் கைகொடுக்கும் இடம்

அமெரிக்காவில் இந்தத் துறையினர் பல்கலைக்கழகத் தலைவர் ஆவது பழைய வழக்கம். பிரின்ஸ்டனை 1902 முதல் 1910 வரை நடத்திய உட்ரோ வில்சன் அரசியல் அறிவியலில் பிஎச்.டி. பெற்றவர், பிறகு நாட்டின் குடியரசுத் தலைவரானார். ஹார்வர்டின் லோவெல் 1909 முதல் 1933 வரை, பென்சில்வேனியாவின் ஏமி கட்மன் 2004 முதல் 2022 வரை பதவியில் இருந்தார்கள். இந்தியாவில் 2022 பிப்ரவரியில் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமான ஜேஎன்யுவின் முதல் பெண் துணைவேந்தராகப் பொறுப்பேற்ற சாந்திஸ்ரீ பண்டிட், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, ஜேஎன்யுவில் பிஎச்.டி. முடித்து, கோவாவிலும் புனேயிலும் அரசியல் அறிவியல் கற்பித்தவர். அரசியல் கோட்பாட்டாளர் பிரதாப் பானு மேத்தா அசோகா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து 2019இல் அப்பொறுப்பிலிருந்து விலகினார்.

துணைவேந்தர் நியமனமே இன்று ஒரு கூட்டாட்சிப் பாடம். 1976இல் 42ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. உயர்கல்வித் தரம் ஒன்றியப் பட்டியலின் 66ஆம் இனம், பல்கலைக்கழகத்தை நிறுவுவது மாநிலப் பட்டியலின் 32ஆம் இனம். இந்த உரசலில்தான் வழக்குகள் பிறக்கின்றன. கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கு, தேடல் குழு ஒரே ஒரு பெயரை அனுப்பியது ஒரு காரணம். யுஜிசி விதி 3 முதல் 5 பெயர் கொண்ட பட்டியல் கேட்கிறது. தமிழ்நாட்டில் நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் 2025 ஏப்ரல் 8 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சட்டமாயின, மே 21இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளுக்குத் தடை விதித்தது. விண்ணப்பிக்கும் நாளில் எந்தச் சட்டப்பிரிவு நடப்பில் இருக்கிறது, தேடல் குழு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். குழு அமைப்பிலேயே குறை இருந்தால், பதவியில் அமர்ந்த பிறகும் நீதிமன்றம் உங்களை இறக்கிவிடலாம், உங்கள் மேல் தவறே இல்லாவிட்டாலும்.

விண்ணப்பக் கட்டில் நியமன ஆணை, பேராசிரியர் நிலைக்கு உயர்ந்த தேதி காட்டும் ஆணை, வழிகாட்டிய பிஎச்.டி. பட்டியல், திட்டநிதி அனுமதிக் கடிதங்கள், நிர்வாகப் பொறுப்புகளின் தொடக்க, முடிவு ஆணைகள், துறை விசாரணை நிலுவையில் இல்லை என்ற சான்று ஆகியவை தேதி வரிசையில் இருக்கட்டும். ‘பொறுப்பு வகித்தேன்’ என்று எழுதிவிட்டு ஆணை இல்லாமல் நிற்பவர்களே அதிகம். தொலைநோக்குக் குறிப்பில் உலகத்தரம் என்று எழுதாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் காலிப் பணியிடம், நிதிநிலை, தணிக்கைத் தடைகள், தேர்வு முடிவு வெளியாகும் நாள்கணக்கு ஆகியவற்றை எடுத்து, மூன்று ஆண்டில் எதை எந்த வரிசையில் சரிசெய்வீர்கள் என்று எழுதுங்கள்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் பதவிக்காலம் மூன்றே ஆண்டு. ஊதியம் 2,10,000, சிறப்புப்படி 11,250. அறையில் உட்கார்ந்த முதல் வாரத்தில் மூன்று கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள்: உள்ளாட்சி நிதித் தணிக்கையில் நிலுவையில் உள்ள தடைகள், நீதிமன்றத்தில் உள்ள வழக்குகளின் பட்டியல், ஓய்வூதியத்துக்கும் சம்பளத்துக்கும் அடுத்த ஆறு மாதத்துக்குக் கையிருப்பு எவ்வளவு. பெயர்ப்பலகையும் பொன்னாடையும் காத்திருக்கலாம், நிதி அலுவலர் காத்திருக்கக் கூடாது. நியமனங்களை முதல் 18 மாதத்துக்குள் இன சுழற்சிப் பட்டியலோடு முடித்துவிடுங்கள். பதவிக்காலத்தின் கடைசி மாதங்களில் போடும் ஒவ்வொரு நியமன ஆணையும் ஓய்வுக்குப் பிறகும் வழக்காக உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.